உனக்காக இளைக்கிறேன்

அண்ணனுக்கு,

"இன்னும் எவ்வளவு நாள்டி? அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்"னு நேத்து போன்ல கத்துனியே, அதுக்குத்தான் இந்தப் பதில்.

என் கல்லீரல்ல இருக்கிற கொழுப்பு கரைஞ்சாதான் அதுல ஒரு துண்டை வெட்டி உனக்கு வைக்க முடியும்னு டாக்டர் உன் முன்னாடிதானே சொன்னாங்க? பட்டினி கிடந்து அவசரமா இளைச்சா ஈரலே கெட்டுடுமாம். அதனால அளந்து சாப்பிடுறேன். முட்டி வலிக்க வலிக்க நடக்கிறேன். போன மாசம் எடை கொஞ்சம்கூடக் குறையல, அழுகையே வந்துச்சு. ஆனா விடல. ஆபீஸ்ல யாராவது கேக் நீட்டினா, உன் முகத்தை நினைச்சுக்குவேன். பசி தானா அடங்கிடும்.

பொறுமையா இருக்க என்னைப் பழக்கிவிட்டதே நீதானே? உனக்குப் பொண்ணு கொடுக்கிறவங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு, "இந்த அண்டா வெளியே வந்தா சம்பந்தமே முறிஞ்சிடும்"னு என்னைப் பின்ரூம்ல வச்சுப் பூட்டினே. அவங்க சிரிச்சுப் பேசிக் கிளம்புற வரைக்கும் சத்தம் போடாம உட்கார்ந்திருந்தேன்.

நான் பாசத்துல செய்யறேன்னு அண்ணி கையைப் பிடிச்சு அழுதாங்க. அவங்க அப்படியே நினைச்சுக்கட்டும். உனக்கு மட்டும் உண்மை தெரியணும். நீ செத்துட்டா என் ஆத்திரம் தீராது.

இன்னிக்கு ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர் சரின்னுட்டாங்க. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துடு. நீ நூறு வயசு இருக்கணும். தினமும் கண் முழிக்கும்போது, இது யார் போட்ட உயிர்ப்பிச்சைன்னு உனக்கு உறைக்கணும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்