இருக்கைக்கு அடியில் உள்ள குமிழ்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? 'பரவாயில்லை' என்று எழுதினால் நம்ப மாட்டேன். நான் நலம்.

நம் வீட்டுச் சின்ன டிராக்டர் போலவே ஒன்று எங்கள் பட்டறையிலும் இருக்கிறது. சென்ற வாரம் அதன் சுழல் கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தோம். "மெதுவாத்தான் இறங்கும் மேடம்" என்றபடியே மெக்கானிக் நெம்புகோலைத் தள்ளினார். கலப்பை தொப்பென்று விழுந்தது. என் காலணியின் நுனி நசுங்கி, கட்டைவிரல் நகம் கறுத்ததோடு சரி.

"படிச்சவங்க இப்படிக் காலை நீட்டிக்கிட்டு நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்று என்னையே கேட்டார். பிறகு, இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழை இருக்கைக்கு அடியில் தேடிப் பிடித்து வலப்பக்கமாகத் திருகினோம். அடுத்த முறை கலப்பை பூனை போல இறங்கியது.

நம் வண்டியிலும் அந்தக் குமிழ் உண்டு. நீங்கள் அதைத் தொட்டே இருக்க மாட்டீர்கள். நீங்கள் வண்டியில் உட்கார்ந்து நெம்புகோலால் கலப்பையைத் தூக்கிப் பிடிக்க, அம்மா அடியில் கையை விட்டுப் புல்லை இழுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இனி அது வேண்டாம். கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்த பிறகே அம்மா கிட்டே வரட்டும். குமிழையும் திருகிவிடுங்கள்.

திருகியதும் ஒரு படம் அனுப்புங்கள். குமிழ் மட்டும் போதாது. அது எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும். நீங்கள் இருவரும் பக்கத்தில் நில்லுங்கள். முகத்தில் வெயில் படட்டும்.

பட்டறையில் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்