எந்த மாதம் போனீர்கள், சார்?

சார்,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பழைய ஹெட்போன் கையில் கிடைத்தது. செங்கம் ரோடு பிரவுசிங் சென்டர்காரர் கடையை மூடும்போது கேட்டு வாங்கி வந்தது. பஞ்சு உதிர்ந்துவிட்டது, யார் யாருடைய தலையிலிருந்தோ ஏறிய தேங்காய் எண்ணெய் வாசம் மட்டும் போகவில்லை. முகர்ந்ததும் உங்கள் முகம் வந்தது. போய்ச் சேர்ந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். என்னால் முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் உங்கள் ஆய்வு மாணவி. பார்த்துக்கொண்டிருந்த பள்ளி ஆசிரியை வேலையில் லீவு கிடைக்காது. கார்த்திகை தீபத்துக்கு விட்ட விடுமுறையில், வயிற்றில் மகளைச் சுமந்துகொண்டு, பஸ் மாறி ஆய்வுக்காக ஒரு கிராமத்துக்குப் போனேன். வயலில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம். இங்கே பெண்கள் விவசாயத்தை விட்டுவிட்டார்கள் என்று கட்டுரை எழுதினேன்.

டெல்லி கருத்தரங்கு வந்தபோது மகள் பிறந்திருந்தாள். நீங்களே வீடு தேடி வந்தீர்கள். "கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு அவ்ளோ தூரம் எப்படிம்மா போவ? குடு, உன் பேர் சொல்லி நானே படிச்சிடறேன்." அம்மா உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அச்சில் வந்தபோது உங்கள் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "உனக்கு டிகிரி வேணுமா, வேணாமா?" என்றீர்கள். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அந்தக் கிராமத்துப் பள்ளிக்கே மாற்றலாகிப் போனேன். நடவு மாதத்தில் பார்த்தால் வயல் முழுக்கப் பெண்கள்! சேற்றில் நின்ற ஓர் அம்மாவிடம் விசாரித்தேன். "தீபத்தப்ப இங்க யாரு டீச்சர் இருப்பா? பொரி, அகல் வெளக்கு விக்க எல்லாரும் டவுனுக்குப் போயிடுவோமே" என்றார். தப்பு என்னுடையதுதான். ஆனால் அச்சில் அது உங்கள் பெயரில் அல்லவா இருந்தது! வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

அதற்குப் பல வருஷம் கழித்துக் கோலாலம்பூரில் அந்தக் கருத்தரங்கு. அமர்வுத் தலைவர் நீங்கள் என்று தெரிந்துதான் கட்டுரை அனுப்பினேன். விமானத்துக்கு வழியில்லை என்றதும் இணையம் வழியாகவே பேசச் சொன்னார்கள். "கரண்ட் போனா என்னக் கேக்காதீங்க மேடம், யூபிஎஸ் கொஞ்ச நேரந்தான் தாங்கும்" என்றார் செங்கம் ரோடு கடைக்காரர். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டாரோடு பேசி அழுதுகொண்டிருந்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புகழ்பெற்ற ஒரு பழைய கட்டுரை எப்படித் தவறு என்று மரியாதையாக விளக்கினேன்.

"அது நான் நேர்ல போய்ப் பாத்து எழுதினதும்மா" என்றீர்கள்.

"எந்த மாசம் போனீங்க, சார்?"

திரையில் உங்கள் முகம் அசையவில்லை. படம்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். உங்களுக்குப் பின்னால் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு நடந்து போனார். படம் நிற்கவில்லை.

'அது நீ எழுதியது' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பு என் தலையில் விழுந்திருக்கும். திருட்டு உங்கள் தலையில் விழுந்திருக்கும். அதனால், "லைன் சரியில்ல போல" என்றீர்கள். எனக்கு எல்லாம் கேட்டது சார். அரங்கில் யாரோ சிரித்ததும் கேட்டது. வெளியே வந்து, வெயிலில் நின்று ஒரு முழு கிளாஸ் கரும்புச்சாறு குடித்தேன். அவ்வளவு இனிப்பாக அதற்குப் பிறகு எதையும் குடித்ததில்லை.

இப்போது உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். தொகுப்பவர் நேற்று போன் செய்து, "அந்தக் கட்டுரை தப்புன்னு ஆயிடுச்சே மேடம், விட்டுடலாமா?" என்று தயங்கினார்.

"விடாதீங்க. மொதல்ல அதத்தான் போடணும். சார் பேரப் பெருசா போடுங்க" என்றேன்.

ஹெட்போனைத் துடைத்து மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அந்தக் கட்டுரை நான் எழுதியது என்று என் மகளிடம்கூடச் சொல்ல மாட்டேன், சார். அது உங்களுடையதாகவே இருக்கட்டும்.