அப்பா ஒப்பித்த எழுத்துப் பலகை

பட்டாபிராம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஃபெபிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் டப்ளினில் சுகமாயிருப்பீர்கள். நானும் சுகம். உன் அப்பா சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் கடிதம். வயிறு எரிந்து எழுதுகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

போன வாரம் முத்தாபுதுப்பேட்டைக்குப் போனவர், நடுரோட்டில் படுத்திருந்த மாட்டின்மேல் வண்டியை விட்டுவிட்டார். முழங்கைத் தோல் உரிந்து வந்து நின்றுகொண்டு, மாடுதான் குறுக்கே வந்தது என்று சாதிக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு இன்னா, கண்ணு சூப்பரா கீது என்று வழியெல்லாம் அதே பாட்டு. அங்கே லாவண்யா என்று ஒரு பெண், எழுத்துப் பலகையில் விளக்கைப் போடுவதற்குள் இவர் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்க, என் மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து அவர் போனைப் பார்த்தால், லைசென்ஸ் புதுப்பிக்க மார்ச் மாதமே அந்தப் பலகையைப் படமாக நீ அனுப்பியிருக்கிறாய், சிரிக்கிற பொம்மையோடு! அப்பனும் மகளும் சேர்ந்து யாரையடி ஏமாற்றினீர்கள்? படித்தவள் செய்கிற வேலையா இது?

பலகையை மனப்பாடம் பண்ணலாம், விழித்திரைப் படத்தை என்ன பண்ணுவார்? மூன்று விதமாக எடுத்தார்கள். கலர் படத்தில் ஏதோ வெளிறிய திட்டு, அவ்வளவுதான். கண் தானாக ஒளிர்வதைப் பிடிக்கிற இன்னொரு படத்தில், விழித்திரை செத்துப்போன இடமெல்லாம் கன்னங்கரேல். ஸ்கேனில் விழித்திரை குறுக்கே வெட்டினமாதிரி அடுக்கடுக்காகத் தெரிகிறது, நடுவில் சில அடுக்குகளே காணோம். மூன்றையும் சேர்த்து வைத்து டாக்டரம்மா விளக்கினார். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணில் கறுப்பு சுற்றி வளைத்து, நடுவில் மிளகளவு மிச்சம். செத்தது திரும்பாதாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து எவ்வளவு பரவியது என்று அளப்பார்களாம். இவள் முகமே கலங்கலாகத்தான் தெரிகிறது என்று என்னைக் காட்டி டாக்டரிடம் சொல்கிறார், முப்பத்தைந்து வருஷம் கூட இருக்கிற என்னிடம் சொல்லவில்லை பாவி மனுஷன்.

வண்டிச் சாவியை ஒளித்துவிட்டேன். உன்னிடம் வந்து நச்சரிப்பார், பரிந்துகொண்டு வராதே. கிறிஸ்துமஸ் என்று தள்ளாமல் இப்போதே டிக்கெட் போடு, அந்த மிளகளவில் உன் முகம் தெரியும்போதே வந்து நில். நீயும் ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள், மறக்காதே. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்.

இதை எழுதும்போது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னா எய்தினுகீறே என்று கேட்டார். மளிகை லிஸ்ட் என்றேன். வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் கரெக்டா கீது, பச்சைப்பயறு மட்டும் சேத்துக்கோ என்று திருப்பிக் கொடுத்தார்.

அம்மா,
ஞானம்மாள் கிறிஸ்துதாஸ்