மழை விட்டதும் வந்த மஞ்சள் படகு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்க விடாதே. இங்கே சமையலறைக் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன், அது கிடக்கட்டும், போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாரம் முழுக்கக் கொட்டிய மழை சனிக்கிழமை விட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதிலிருந்து உன் அப்பாவுக்கு அந்த இரண்டு பேர் துடுப்புப் படகு, கயாக்தான் உயிர் என்று உனக்கே தெரியும். காட்டுக்குள் ஓடும் நம் சின்ன ஆற்றில், இப்பதான் தண்ணி இருக்கு, துடுப்பே போட வேணாம், அதுவே கொண்டுபோய் விட்டுடும் என்றார். படகை இறக்கினோம். தண்ணீர் பழுப்பாக, சத்தமே இல்லாமல் ஓடியது, கரை மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன, ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. வளைவு திரும்பினால் பெரிய மரமொன்று குறுக்கே விழுந்து கிடக்கிறது. தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகிறது, ஆள் சிக்கினால் அவ்வளவுதான். கரைக்குத் தள்ளு, கரைக்குத் தள்ளு என்று அப்பா அலறினார், அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. ஒரு புதரைப் பிடித்தேன், உள்ளங்கை கிழிந்தும் விடவில்லை, அவர் குதித்துப் படகை இழுத்துவிட்டார். பிரேக் இல்லாத வண்டிடி என்று சிரிக்கப் பார்த்தார், பல் தந்தியடித்தது.

மூச்சு வாங்கி நிற்கும்போதுதான் ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் கயாக் வந்தது. ஆள் இல்லை. யாரோ ஓட்டி வருவதுபோல நேராக வந்து, மரத்தில் முட்டி, கிளைகளுக்கு அடியில் போய்விட்டது. உள்ளே ஒரு மழைக்கோட்டு மடித்து வைத்திருந்ததை இருவரும் பார்த்தோம். தொண்டை கட்டும்வரை அப்பா கூப்பிட்டுப் பார்த்தார்.

தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினோம். ஆட்களை அனுப்பினார்கள், வெள்ளத்தில் அவர்களால் மரத்தை நெருங்கவே முடியவில்லை. அங்கிருந்த பெண் அதிகாரி, யாரையும் காணோம்னு ஒருத்தரும் சொல்லலைம்மா, கட்டிப்போட்ட படகு அவிழ்ந்து வந்திருக்கும் என்றார். கட்டிப்போட்ட படகுல யாரு கோட்டை மடிச்சு வைப்பா என்று அப்பா வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார். சோறு இறங்கவில்லை, பாலத்தில் போய் நின்று தண்ணீரையே பார்க்கிறார்.

இன்று காலை அந்த அதிகாரியே போன் செய்தார். நேற்று ஒரு பெண் வந்தாளாம், தனியாக இருக்கும் அவள் அண்ணன் நாலைந்து நாளாகப் போனை எடுக்கவில்லையாம், எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். தண்ணீர் வடிந்துவிட்டது, இடத்தைக் காட்ட வாங்க என்கிறார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். தனியாக அனுப்ப மனம் வரவில்லை, நானும் போகிறேன். அந்தத் தங்கையும் வருகிறாளாம், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழுங்கள். எங்கே போனாலும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ, கண்ணு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா