தொட்டிக்குள் ஒரு துறைமுகம்

என்னங்க, இன்று காலை நனைந்த கம்பளியைக் கொடியில் போட்டேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே ஒரே பனிமூட்டம். வண்டிப்பெரியாறு போகிற பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது, பஸ்ஸைக் காணோம். எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் போய்விட்டேன்.

கல்யாணமாகி எட்டு மாதம். நான் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். நீங்கள் கடலோரத்தில், மீன்பிடித் துறைமுகம் கட்டுகிற இடத்தில் ஓவர்சியர். அந்தத் தடவை லீவில் வந்ததும் வராததுமாக, எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே நாங்கள் துணி துவைக்கிற சிமெண்ட் தொட்டியில் இறங்கி, ஒரு மூலையைக் கல்லால் வளைத்து அடைத்தீர்கள். நடுவே படகு நுழைய ஒரு வாய் விட்டீர்கள். உள்ளே வாழைப்பட்டையில் நாலு படகு. துவைக்க வந்தவர்கள் சும்மா விடுவார்களா? "உம் புருசனுக்குக் கடல் பத்தலையாடி?" என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மானமே போனது.

உங்களுக்கோ வேறு கவலை. வெளியே கடல் அமைதியாக இருக்கிற நாளிலும் துறைமுகத்துக்குள் படகுகள் மோதிக்கொண்டன. ஒருவருக்குக் கை நசுங்கிவிட்டது. வாயைக் குறுக்கினால் அலை நுழையாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான். செவ்வாய்க்கிழமை கல் கொட்டுவதாக ஏற்பாடு. வேலை முடிந்தால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், என்னைக் கூட்டிப்போவீர்கள். நானோ கடலையே பார்க்காதவள். பள்ளத்தைப் பனி நிறைக்கும்போது, கடல் இப்படித்தான் இருக்குமோ என்று கூடையோடு நின்றுவிடுவேன். கங்காணி கத்துவார்.

பலகையால் தண்ணீரைத் தட்டினீர்கள். சின்ன அலைகள் கல்லில் பட்டு அடங்கின, படகுகள் அசையவில்லை. "பாத்தியா!" என்று சிரித்தீர்கள். எதிர்ப்பக்கம் நான் கம்பெனி கொடுத்த கம்பளியை அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்த கம்பளி என்ன கனம்! மெதுவாக முக்கி, மெதுவாகத் தூக்கி, மறுபடி முக்கினேன். தொட்டித் தண்ணீர் முழுக்க மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. கண்ணுக்கு அலை என்று ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் உங்கள் துறைமுகத்துக்குள் படகுகள் சுவரில் முட்டின.

உங்கள் சிரிப்பு போய்விட்டது. "நிறுத்தாதே, முக்கு" என்றீர்கள். மூன்று விரல் அகல வாயை ஒரு விரலாகக் குறுக்கிவிட்டு, கொஞ்சம் மெதுவாக, இன்னும் மெதுவாக என்று என்னை முக்கவைத்தீர்கள். ஐயோ, ஒரு குறிப்பிட்ட நிதானத்தில் ஆட்டம் முன்னைவிடக் கூடிப்போனது! நான் கம்பளியை விட்ட பிறகும் உள்ளே ஆட்டம் நிற்கவில்லை. "உள்ளே போனது வெளியே வர வழியில்லாம ஆடுது" என்று முணுமுணுத்தீர்கள். வாயை அகலமாக்கி, உள்சுவர் ஓரம் கூழாங்கல்லைச் சரிவாகக் குவித்த பிறகுதான் அடங்கியது.

அன்று சாயங்காலம் நான் பேசியதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. "தப்புன்னு போய்ச் சொன்னா வேலையே போயிரும். வரைபடத்துல கையெழுத்துப் போட்டது உங்க இன்ஜினியர் பெரிய சார்தானே, நமக்கென்ன? பேசாம இருங்க" என்றேன். அழுதேன். சோறு போடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். "படகுல ஆள் இருப்பாங்கடி" என்றீர்கள், அவ்வளவுதான். விடிந்ததும் முதல் பஸ் ஏறிவிட்டீர்கள். நான் வாசல் வரைகூட வரவில்லை.

வேலை போகவில்லை. ஆனால் எங்கோ ஒரு ரோட்டு வேலைக்கு உங்களைத் தூக்கிப் போட்டார்கள். குவார்ட்டர்ஸும் போச்சு, கடலும் போச்சு. நாலு வருஷம் பிரிந்தே கிடந்தோம். அந்தக் கோபத்தையெல்லாம் நீங்கள் லீவில் வரும்போது குழம்பில் உப்பைக் கூட்டித்தான் காட்டினேன். நீங்கள் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நீங்கள் கண்மூடி இரண்டு வருஷமாகிறது. போன மாதம் மகள் என்னை அந்தத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனாள். சுவருக்கு வெளியே அத்தனை பெரிய கடல். உள்ளே படகுகள் தூங்கின. கரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் மகள் உங்கள் பெயரைச் சொன்னாள். அந்தக் காலத்தில் கல் லாரி ஓட்டியவராம். மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்: "முதல் லோடு கொட்டப் போறேன், இந்த ஓவர்சியர் சார் லாரிக்கு முன்னாடி வந்து நின்னார். பெரிய சார் கத்தினார். சார் பயப்படல்லே. 'தப்பைக் கண்டுபிடிச்சது என் பாரியா, என் சம்சாரம். உடனே போய்ச் சொல்லுங்கன்னு அனுப்பினதும் அவதான்'னு சொன்னார்." சொல்லிவிட்டு எழுந்து என்னைக் கும்பிட்டார்.

மகள் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. போகாதீர்கள் என்று அழுதவளைப் போகச் சொன்னவளாக்கிவிட்டுப் போய்விட்டீர்களே. அந்தப் பொய்க்குத் தகுந்தவளாக இருக்கத்தான் இப்போது பாடுபடுகிறேன்.