ரோட்டைப் பார்த்து ஒட்டிய ஸ்டிக்கர்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே உடம்பும் மனசுமாக நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு, இங்கே நாங்கள் இருவரும் நன்றாகவே இருக்கிறோம் என்று தைரியமாக எழுதுகிறேன். என் முழங்கால் மட்டும் படியேறும்போது தனியாக ஏதோ பேசுகிறது, அதை யாரும் காதில் வாங்குவதில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று, அப்படி இல்லீங்க இப்படி என்று வரிக்கு வரி திருத்துவாள். இந்தக் கதையில் முட்டாள்தனம் முழுக்க என்னுடையது, அதை அடுத்தவர் சொல்லி நீ கேட்கக் கூடாது. அதோடு இந்தக் கவரில் உனக்கு ஒரு சாமான் வைத்திருக்கிறேன், அது போன் வழியாக வராது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெயித்துவிட்டோம் குட்டிம்மா. அம்மாவின் நூலகத்தை மூடவில்லை. மூடுவது இருக்கட்டும், மாடி நூலகத்துக்குக் கீழே பூட்டிக் கிடந்த கடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

தலைமை நூலகத்திலிருந்து அந்தத் தாள் வந்த அன்றைக்கு நீயும் போனில் அழுதாய், ஞாபகம் இருக்கும். கிளைக்கு ஆள் வருவதில்லை, மேலதிகாரி ஒருநாள் சொல்லாமல் வந்து பார்ப்பார், வாசிக்கிற அறை காலியாக இருந்தால் கிளை மூடப்படும், புத்தகங்கள் கிடங்குக்குப் போகும் என்று இருந்தது. புத்தகத்தோடு சேர்த்து உன் அம்மாவையும் அதே கிடங்குக்கு மாற்றுவார்களாம். வேலையை விட்டுட்டு என்கிட்ட வந்துடும்மா என்று நீ சொன்னதற்கு அவள் பார்க்கலாம் என்றாளே, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. சண்டை போடாமல் பார்க்கலாம் என்று சொல்லுகிற உன் அம்மாவை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. ஆள் ஏன் வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும். நர்ஸ் படிக்கிற பெண் வந்து கேட்கிற புத்தகம் அலமாரியில் இருக்காது, இருப்பது அந்தப் பெண் பிறப்பதற்கு முன்னால் அச்சடித்தது. புதிதாக வாங்கித் தா என்று மேலே எழுதினால் பதிலே வராது. அதனால் இன்டர்நெட்டில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதை எல்லாம் தேட ஆரம்பித்தாள். பாடப் புத்தகம், பழைய தேர்வுத்தாள், காதால் கேட்கிற கதை, மோட்டார் பழுது பார்க்கிற படம், எத்தனையோ கிடக்கிறதாம் குட்டிம்மா, கிடக்கிற இடம்தான் யாருக்கும் தெரிவதில்லை. தேடப் போனால் பாதி வழியில் விளம்பரம் மறிக்கிறது, இல்லையென்றால் திருட்டுப் பிரதி. இவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, எழுதினவரோ போட்டவரோ மனசார இலவசமாகக் கொடுத்ததுதானா, போனில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று சோதித்து, அலமாரியில் அடுக்குகிற மாதிரியே பாடவாரியாக ஒரே வெப்சைட்டில் அடுக்கினாள். அதற்கு வேண்டிய மென்பொருளும் இலவசம், யார் யாரோ சேர்ந்து எழுதி ஊருக்குப் பொதுவாக விட்டிருக்கிறார்கள். எனக்குச் சந்தேகம். இந்தக் காலத்துல எவன் ஓசியில குடுப்பான், ஏதோ வில்லங்கம் இருக்கும் என்றேன். நூலகத்துக்காரியைப் பார்த்துப் புத்தகத்தை எவன் ஓசியில குடுப்பான்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான் என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடினாலும் கை இருக்கிறதே. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு க்யூஆர் கோடு, அந்தக் கட்டம் கட்டமான படம், போனைக் காட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். அதை ஸ்டிக்கராக அடித்து வாசிக்கிற மேஜைக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டித் தாங்க என்று என்னிடம் கேட்டாள். முப்பது வருஷத்து ஸ்டிக்கர் கடைக்காரனிடம் பெண்டாட்டி கேட்கிற முதல் ஆர்டர். கண்ணாடிக்கு ஒரு பாடம் என்று பெரிசு பெரிசாக வெட்டினேன். மருந்துக்கடைக்கு ஒட்டுகிற நல்ல பசை, வெயில் மழை எதற்கும் அசையாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேனே, அதே பசை. நூலகம் மூடியிருந்த நாளில் போய், ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டி முடித்து, ரோட்டுக்கு இறங்கி நின்று பார்த்தேன். அட்டகாசம். மறுநாள் காலையில் உன் அம்மா போன் பண்ணினாள். ஏங்க, உள்ள உக்காந்து படிக்கிறவங்களுக்கு ஒட்டச் சொன்னேன், நீங்க ரோட்டுல போறவங்களுக்கு ஒட்டியிருக்கீங்க என்றாள். ஆமாம் குட்டிம்மா. கண்ணாடி என்றால் என் கை ரோட்டைப் பார்த்துத்தான் ஒட்டும், கடைக்குக் கடை ஒட்டிப் பழகிய கை. உள்ளே இருந்து பார்த்தால் வெறும் வெள்ளை முதுகு.

பிளேடும் கையுமாக ஓடினேன். சுரண்டினால் கண்ணாடி கீறும், என் பசை என்னையே பழி வாங்கியது. நான் அசடு வழிய நின்றுகொண்டிருந்தபோது எதிர் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் போனைத் தூக்கி நம் ஜன்னலைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா கவனித்துவிட்டாள். இருக்கட்டும் விடுங்க, ஒரு வாரம் பார்ப்போம் என்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைத் தாண்டி வந்து நம் மாடிப்படியில் உட்கார ஆரம்பித்தார்கள், நூலகத்து வைஃபை அங்கே நன்றாகக் கிடைக்கிறது. நர்ஸ் படிக்கிற பெண் மேல் படி. நம் ஹாரன் அண்ணன், அதுதான் மெதுவாகப் பேசவே தெரியாத அந்த பஸ் டிரைவர், நடுப்படியில் உட்கார்ந்து பேத்திக்குக் கதை போட்டுக் கேட்கிறார், பேத்தியை விட அவருக்குத்தான் அவசரம், அப்புறம் நரி என்ன பண்ணுச்சு என்று போனைப் பார்த்துக் கத்துகிறார். கீழ்ப்படியில் டயர் கடைக்காரர், இன்ஜின் படங்களோடு. படி முழுக்க ஆள், உள்ளே ஈ காக்கை இல்லை. உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படிக்கிறவங்க பெருகிட்டாங்க, ஆனா அதிகாரி வந்தா எண்ணப் போறது நாற்காலியை, நாற்காலி காலி என்றாள். என் ஸ்டிக்கர்தான் அவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டது, பெண்டாட்டி வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேன் என்று எனக்கும் தூக்கம் போயிற்று. உள்ளே வாங்க என்று அவள் கூப்பிட்டால் எல்லோரும் பணிவாகச் சிரிக்கிறார்கள், பரவாயில்லம்மா இங்கேயே இருக்கோம் என்கிறார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

அப்படி ஒருநாள் அதிகாரி அம்மா வந்தே விட்டார். நான் ஜன்னல் ஓரத்தைச் சரிசெய்கிற சாக்கில் அங்கேதான் இருந்தேன். படியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேலே வந்தார், காலி அறையைப் பார்த்தார், உன் அம்மாவைப் பார்த்தார். அம்மா மேஜையிலிருந்து எழுந்து நின்றாள். அதிகாரி திரும்பிப் போய், வழியை மறிச்சுக்கிட்டு இங்க என்ன பண்றீங்க என்று ஹாரன் அண்ணனிடம் கேட்டார். படிக்கிறோம் என்றார் அவர், தெருமுனை வரை கேட்டிருக்கும். அதை உள்ள உக்காந்து படிக்கக் கூடாதா என்றார் அதிகாரி. எங்கேம்மா விடுறீங்க, நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே என்று சொல்லி அண்ணன் கதவைக் காட்டினார்.

கதவில் சிவப்பு எழுத்தில் ஆள் உயரத்துக்கு இருந்தது. கைபேசியை அணைத்துவிட்டு உள்ளே வரவும். மீறினால் நடவடிக்கை.

அது மேலிடத்து உத்தரவு, எந்தக் காலத்திலோ வந்தது. வெட்டி ஒட்டினவன் சாட்சாத் நான். அந்தக் கதவு வழியாக நானும் உன் அம்மாவும் எத்தனை வருஷமாகப் போய் வருகிறோம், எங்கள் கண்ணுக்கு அது கதவாகத்தான் தெரிந்தது, எழுத்தாகத் தெரியவில்லை. அந்த நல்ல ஜனங்கள் மட்டும் படித்து, மதித்து, வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதிகாரி அம்மா ஒரு நிமிஷம் அதையே பார்த்தார், பிறகு சிரித்தார் பார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்க ஆபீஸ் உத்தரவுதானே இது, எடுத்துடுங்க என்றார். குட்டிம்மா, என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக ஒரு ஸ்டிக்கரை நான் உரித்ததில்லை. கதவு மரக்கதவு, கீறினால் யாருக்கு என்ன. கடைசி எழுத்து கையோடு வந்ததும் நர்ஸ் பெண்தான் முதலில் உள்ளே போனாள், அவள் பின்னால் படி மொத்தமும் எழுந்து போயிற்று. நாற்காலி பற்றாமல் டயர் கடைக்காரர் கடையிலிருந்து இரண்டு ஸ்டூல் தூக்கி வந்தார். அதிகாரி உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே உன் அம்மாவின் வெப்சைட்டைப் பார்த்தார், ஒவ்வொரு பக்கமாக, அவசரமில்லாமல். இதைத் தனியாவா பண்ணீங்க என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டி, இல்ல, ஒட்டினது இவரு என்றாள். கிண்டலா பாராட்டா என்று இன்னும் நான் கேட்கவில்லை, கேட்கிற எண்ணமும் இல்லை.

போன வாரம் உத்தரவு வந்தது. கிளை இங்கேயே இருக்கும், கீழ்க்கடையும் சேரும். எல்லாக் கிளைக்கும் இதே மாதிரி வெப்சைட் அமைக்க உன் அம்மாதான் மற்ற நூலகர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் வகுப்புக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், பெரிய பெரிய ஆட்களெல்லாம் குறிப்பு எடுக்கிறார்கள், உன் அம்மா, சந்தேகம் இருந்தா கேளுங்க என்கிறாள். ஸ்டிக்கர் எல்லாம் நம் கடையில்தான். உத்தரவில் தனியாக ஒரு வரி இருக்கிறது: க்யூஆர் கோடுகள் தெருவை நோக்கி ஒட்டப்பட வேண்டும். என் தப்பு சட்டமாகிவிட்டது, இனிமேல் நம் வீட்டில் என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், குப்பையைக் கொட்டிட்டு வாங்க என்றாள்.

அதனால் அம்மா இப்போதைக்கு உன்னிடம் வரமாட்டாள், கோபித்துக்கொள்ளாதே. லீவு இல்லை என்று சொல்லச் சொன்னாள், சொல்லும்போது முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நீதான் வர வேண்டும். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே. குளிரில் தலையை ஈரமாக வைத்துக்கொண்டு வெளியே போகாதே. பேச்சுக்கு ஒரு தமிழ்க் குரல்கூட இல்லை அப்பா என்று போன மாதம் சொன்னாயே, அது என் மனசிலேயே நிற்கிறது. கவரில் இருப்பது அதற்குத்தான். உள்ளங்கை அளவு ஸ்டிக்கர், தமிழ்ப் புத்தகங்களும் கேட்கிற கதைகளும் இருக்கிற பக்கம் திறக்கும், அம்மா உனக்காகவே தேடிச் சேர்த்தது. மேலே 'தமிழ் படிக்கலாம்' என்று நானே எழுதி வெட்டியிருக்கிறேன். அதை உன் அறைக்குள் பார்த்து ஒட்டிக்கொள்ளாதே. ஜன்னலில், ரோட்டைப் பார்த்து ஒட்டு. உன் தெருவிலும் யாராவது ஒருத்தர் நின்று படிப்பார், கதவைத் தட்டுவார். தட்டினால் போனை அணைக்கச் சொல்லாமல் உள்ளே கூப்பிடு.

நீ நூறு வருஷம் சிரித்த முகமாக இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் கண்ணாடியை ஈரம் போகத் துடைக்க மறக்காதே. ஒட்டினால் அப்புறம் வராது, அது என் பசை.

உன் நூலகர் அம்மாவின் ஸ்டிக்கர் ஆள்,
அப்பா