கேள்வியை மாற்றிய நாள்

அன்பு மகளுக்கு,

இன்று ஆஸ்பத்திரி அறையில் டாக்டர், கேள்வித்தாளை எளிய பேச்சுக்கு மாற்றும் பெண், உன் அப்பா, நான் என நான்கு பேர் இருந்தோம்.

அப்பாவின் மனநிலையை அறிய டாக்டர் தந்த கேள்விகளை ஆறு மாதமாக வாரந்தோறும் வீட்டில் நான்தான் படித்து, அப்பா சொல்வதைக் குறித்து வந்தேன். "மனக்கொந்தளிப்பு உண்டா?" என்றால், "கொந்தளிக்க நான் என்ன கடலா?" என்று சிரிப்பார். ‘இல்லை’ என்று குறித்துவிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்வேன். என் நோட்டில் இருபத்தாறு ‘இல்லை’ இருக்கிறது.

அந்தப் பெண் இன்று அதையே வேறு மாதிரி கேட்டாள். "ஐயா, கை சும்மா இருக்க மாட்டேங்குதா? யாரையாவது அடிச்சிடுவோமோன்னு இருக்கா?"

அப்பா சிரிக்கவில்லை. "தினமும் இருக்கும்மா. அதான் இவ காய் நறுக்கும்போது நான் சமையலறைப் பக்கமே போறதில்ல."

என்மேல் ஏதோ வருத்தம் என்றல்லவா நினைத்திருந்தேன்!

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ இப்படிக் கேக்கலையே."

பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அப்பா முடிவை என்னிடம் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் கத்திகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் பார்த்துவிட்டார். "சாவிய எங்கிட்ட குடுத்துடாத" என்று மட்டும் சொன்னார். பிரார்த்தனையில்கூட மனம் நிற்கவில்லை.

அவரைச் சேர்க்கட்டுமா? பதினைந்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா